சேலைக்காக வளைந்த கம்பி

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் எண்ணிப் பார்த்தால் 96 தூண்கள்தான் இருக்கும். விஜயநகர ஆட்சிக் காலத்தில் எழுந்த மண்டபம். வெளிவரிசைத் தூண்களில் முன்கால் இரண்டையும் தூக்கி நிற்கும் குதிரைகள். அவற்றின் மேல் வீரர்கள். குதிரையின் விலாவை இரு தொடைகளாலும் அணைத்து, இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டி, எங்கும் எதுவும் தொங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இதே மண்டபத்தில் ரதியும் உண்டு. அவள் அன்னத்தின் மேல் வருகிறாள். போருக்குப் போகும் குதிரைகளில் ஆண்களே இருக்கிறார்கள்.

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பெரிய காஞ்சிபுரம் போய், காந்தி ரோட்டில் ஒரு முகூர்த்த நாளுக்கு முந்தைய மாலையில் நின்று பாருங்கள். பட்டுக்கடைகளிலிருந்து பெண்கள் வெளியே வருவார்கள். கணவரோ தம்பியோ மகனோ பைக்கைக் கிளப்பி வைத்திருப்பார். அந்தப் பெண் ஒரு கையில் புடவைப் பையைப் பிடித்து, மறு கையால் கட்டியிருக்கும் புடவையின் கொசுவத்தைத் திரட்டி, பின்சீட்டில் ஒருபக்கமாக ஏறி உட்காருவார். இரண்டு காலும் ஒரே பக்கம். மடியில் பை, சில நேரம் குழந்தையும். வண்டி வளைவில் சாயும்போது ஓட்டுகிறவருக்கு இரண்டு தொடை, இரண்டு கை, ஒரு கைப்பிடி இருக்கின்றன. பின்னால் இருப்பவருக்குச் சீட்டின் ஒரு விளிம்பும், ஓட்டுகிறவரின் தோளும் மட்டும்தான்.

இப்படி உட்காருவதுதான் பெண்ணுக்கு இயல்பு என்று நம்மிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள். அந்த இயல்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பெண்கள் ஏறிப் போகும் எந்த வாகனத்தை எடுத்துக்கொண்டாலும் அது ஒரே மாதிரி நடந்திருக்கிறது. உடையைத் தொடாதே, வாகனத்தை மாற்று என்று சமூகம் முடிவு செய்கிறது. பெண்ணே துணிந்து உடையை மாற்றினால் மட்டும் ஊர் கூடிவிடுகிறது.

முதலில் குதிரை. ஐரோப்பாவில் மேல்தட்டுப் பெண்கள் இருபக்கமும் கால் போட்டுக் குதிரையேறுவது அநாகரிகம் என்றானது. அவர்களுக்கென்று பக்கவாட்டுச் சேணம் வந்தது. அதில் பெண்ணின் இரண்டு காலும் இடப்பக்கம் இருக்கும். வலத்தொடையைக் கொக்கி போன்ற ஒரு கொம்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். 1830களில் இடத்தொடைக்கும் ஒரு கொம்பு சேர்ந்தது. இதன் பிறகு பெண்களால் அந்தச் சேணத்திலேயே வேலி தாண்டிக் குதிக்கவும் முடிந்தது. அதன் மேலே அவர்கள் அணிந்தது கணுக்காலையும் தாண்டித் தொங்கும் கனத்த பாவாடை. குதிரை விழுந்தாலோ மிரண்டாலோ, அந்தப் பாவாடை சேணத்தின் கொம்பில் சிக்கிக்கொள்ளும். பெண் தரையில், துணி கொம்பில், குதிரை ஓட்டத்தில். இப்படி இழுபட்டு இறந்தவர்கள் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதற்கு ஒரு தீர்வு வந்தது. இழுத்தால் கழன்றுவிடும் பாவாடை; பின்னர், முன்பக்கம் மட்டும் மூடும் ஏப்ரன். அதற்கு உள்ளே பெண்கள் காற்சட்டை போட்டிருந்தார்கள். குதிரையில் இருக்கும்வரை அந்த ஏப்ரன் பாவாடை போலத் தெரியும். இறங்கியதும் அதைச் சுற்றி இழுத்துப் பொத்தான் போட்டுக் காற்சட்டையை மறைத்துவிட வேண்டும். காற்சட்டை இருந்தால் உயிர் பிழைக்கலாம் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும், அது கண்ணில் படக்கூடாது என்பதே ஏற்பாடு.

முதல் உலகப்போர் வந்தது. குதிரை லாயங்களில் இருந்த ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். இங்கிலாந்தில் ராணுவக் குதிரைகளைப் பராமரிக்கப் பெண்களை அமர்த்தினார்கள். சாணம் அள்ளுவது, வைக்கோல் விரிப்பது, தண்ணீர் காட்டுவது, தேய்த்துவிடுவது, சேணம் பூட்டுவது, மிரளும் குதிரையைப் பழக்குவது எல்லாம் அவர்கள் வேலை. அதற்குக் காற்சட்டையும் முழங்கால்வரை பூட்ஸும் கொடுத்தார்கள். 1917இல் விவசாய வேலைக்காகத் திரட்டிய பெண்கள் படைக்கும் அதே உடைதான். கூடவே ஓர் அறிவுரை: ஆணின் உடையை அணிந்திருந்தாலும் நல்ல வீட்டுப் பெண்ணாகவே நடந்துகொள்ள வேண்டும். நாட்டுக்குத் தேவைப்பட்டதும் காற்சட்டையில் இருந்த ஆபாசம் ஒரே நாளில் மறைந்துபோனது. சந்தேகம் மட்டும் மறையவில்லை.

நம் ஊர்க் கதையைச் சேலை என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட முடியாது. துணி ஒன்றாக இருக்கலாம், கட்டு பல. பதினெட்டு முழப் புடவையைக் கச்சம் வைத்துக் கட்டினால் துணி கால்களுக்கு நடுவே போய்ப் பின்பக்கம் செருகிக்கொள்கிறது. இரண்டு காலும் தனித்தனியாகின்றன. குந்தலாம், தாண்டலாம், மரம் ஏறலாம், குதிரையிலும் ஏறலாம். மராட்டியப் பெண்களின் கட்டு இதுதான். நம் பிராமண வீடுகளின் மடிசாரிலும் கச்சம் உண்டு. கிராமத்துப் பெண்களின் பின்கொசுவக் கட்டில் கொசுவம் முதுகுப்பக்கம் போய்விடும். முன்னால் தட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. நாற்று நடும்போது முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொள்ளலாம். பாவாடை வேண்டாம், ஊக்கு வேண்டாம். வேலைக்குத் தக்கபடி நீளவும் குறுகவும் செய்யும் உடை அது.

இன்று நாம் சேலை என்றதும் நினைக்கும் ஆறு கஜக் கட்டு, உள்பாவாடையோடும் ரவிக்கையோடும் சேர்ந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பரவியது. வங்காளத்தில் ஞானதானந்தினி தேவி பம்பாயில் பார்சிப் பெண்களிடம் கண்ட கட்டைத் தன் ஊருக்கேற்ப மாற்றிக்கொண்டது இந்தக் கதையில் ஒரு முக்கியமான கட்டம். வீட்டைவிட்டு வெளியே வந்து, பள்ளிக்கும் கூட்டங்களுக்கும் போகத் தொடங்கிய பெண்களுக்கு அது துணையாக இருந்தது. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை கால்கள் இரண்டையும் அது ஒரே குழாய்க்குள் போட்டுவிட்டது. பாவாடையின் சுற்றளவு எவ்வளவோ, அவ்வளவுதான் எட்டு வைக்க முடியும். பின்கொசுவம் பட்டிக்காட்டுக் கட்டு ஆனது. கச்சம் சடங்குக்கு மட்டும் எடுக்கும் கட்டு ஆனது.

இங்கே அவசரப்பட்டு, பழைய கட்டெல்லாம் சுதந்திரம், புதிய கட்டெல்லாம் சிறை என்று எழுதிவிடக் கூடாது. முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிய சேலை எல்லாப் பெண்களுக்கும் விருப்பமாக இருந்ததில்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்கள்மீது விதித்த தடைகளில், அவர்களின் பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மூடக்கூடாது என்பதும் ஒன்று. தெற்கே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டார்கள். 1859இல்தான் அரசு இறங்கி வந்தது. ஒருத்திக்குக் கணுக்கால்வரை மூடுவது கட்டாயம். இன்னொருத்திக்கு மூடுவதே குற்றம். இரண்டிலும் எவ்வளவு துணி, எங்கே என்பதை முடிவு செய்தவர்கள் அதை உடுத்தியவர்கள் அல்ல. அதனால் வசதியான உடை எது என்று கேட்பதற்கு முன்னால், யார் தேர்ந்தெடுத்த உடை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கேள்வியோடு காஞ்சிபுரத்துத் தறிவீட்டுக்குள் போகலாம். என் அத்தை குழித்தறியில் நெய்தவர். நெசவாளர் தரையில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். இடது கால் ஒன்று, வலது கால் ஒன்று. குதிரைக்காரருக்குத் தேவைப்படுவது போலவே இங்கும் கால்கள் தனித்தனியாக வேலை செய்ய வேண்டும். மாமா லுங்கியை மடித்துக் கட்டி, மேலே ஒரு பனியனோடு தறியில் இறங்குவார். அத்தை சேலையை முழங்கால்வரை சுருட்டித் தொடைகளுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு, முந்தானையை இடுப்பைச் சுற்றிச் செருகிவிட்டு இறங்குவார். வாசலில் யாராவது வந்தால் அவிழ்த்து இறக்கிவிட வேண்டும். யாவாரி வந்தால், பாவு கொடுக்க ஆள் வந்தால், பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தால் நாடா நிற்கும். மாமா எழுந்ததே இல்லை. ஒரு நாளில் அத்தை எத்தனை முறை எழுந்தார் என்று யாரும் கணக்கு வைத்ததில்லை. கூலிக்கணக்கு புடவைக்குத்தான், அவர் நின்ற நேரத்துக்கு இல்லை.

உடலின் நிறமும் கரையின் நிறமும் வேறாக இருக்கும் கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெய்ய, இன்னொருவர் கரைப்பக்கத்து நாடாவைத் தள்ளித் தர வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் மனைவியோ மகளோதான். தார் சுற்றுவதும், நூல் இழைப்பதும், அறுந்த இழையைப் பிணைப்பதும் பெண்களின் கை வேலை. அந்தக் கைகள் வழியாகப் போகும் பட்டு, மணமேடையில் இன்னொரு பெண்ணை அசையாமல் நிற்கவைக்கும் கனத்தோடு முடிகிறது. அதை நெய்கிறவர் வேலை நேரத்தில் அதைக் கட்டிக்கொள்ள முடியாது. கட்டிக்கொள்கிறவர் அதில் எந்த வேலையும் செய்ய முடியாது. பட்டின் மதிப்பில் ஒரு பங்கு அந்தச் ‘செய்ய முடியாமை’யில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

குதிரையேறிய நம் அரசிகளையும் பட்டிலேயே வைத்து வரைவதற்குப் பழகிவிட்டோம். வேலு நாச்சியார் சிலம்பமும் வாளும் குதிரையேற்றமும் கற்றவர். 1772இல் கணவர் முத்துவடுகநாதர் காளையார்கோவிலில் கொல்லப்பட்ட பிறகு, விருப்பாட்சியில் தங்கிப் படை திரட்டி, 1780இல் சிவகங்கையை மீட்டவர். காலண்டர்களிலும் கட்சிச் சுவரொட்டிகளிலும் அவர் முழு ஜரிகைப் பட்டில், பறக்கும் முந்தானையோடு குதிரையில் வருகிறார். எட்டு ஆண்டுகள் ஒளிந்து வாழ்ந்து போரிட்ட ஒரு பெண்ணை மணப்பெண் கோலத்தில்தான் நம்மால் மரியாதை செய்ய முடிகிறது. ஜான்சி ராணி லட்சுமிபாய் 1858இல் குவாலியர் அருகே விழுந்தபோது குதிரைப்படை வீரனின் உடையில் இருந்தார் என்று எதிர்த்தரப்பினரே எழுதிவைத்தார்கள். அவருக்கும் நம் பள்ளி நாடகங்களில் பட்டுச்சேலைதான்.

அவர் பெயரால் அமைந்த படையின் கதை எனக்கு மிகவும் பிடித்தமானது. 1943 ஜூலையில் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் பெண்கள் படை ஒன்று வேண்டும் என்று பேசினார். சென்னையில் பிறந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் சில நாட்களுக்குள் இருபது பெண்களைத் திரட்டினார். அவர்கள் கையில் துப்பாக்கியோடு, சேலை கட்டியே போஸுக்கு அணிவகுப்பு மரியாதை செய்தார்கள். அக்டோபரில் பயிற்சி முகாம் தொடங்கியபோது சேலை போய்விட்டது. மேலே சட்டை, தலையில் தொப்பி, கீழே ஜோத்பூர் காற்சட்டை. படையில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். அவர்களும் அவர்களின் தாய்மாரும் விடியுமுன்னே சேலையைத் தூக்கிச் செருகி, பால் வாளியோடு மரத்துக்கு மரம் நடந்தவர்கள்.

அந்தக் காற்சட்டையின் பயணத்தைப் பாருங்கள். ராஜஸ்தானத்துக் குதிரைக்காரர்கள் அணிந்த, கெண்டைக்காலை இறுக்கிப் பிடித்துத் தொடையில் தளர்ந்திருக்கும் உடை அது. ஜோத்பூரின் சர் பிரதாப் சிங் 1897இல் விக்டோரியாவின் வைரவிழாவுக்கு லண்டன் போனபோது அது ஆங்கிலேயர் கண்ணில் பட்டது. அவர்களின் குதிரையேற்ற உடையானது. பிறகு அவர்களை எதிர்த்துப் போராட வந்த தோட்டத் தொழிலாளிப் பெண்களின் கால்களுக்கு வந்து சேர்ந்தது. அவர்களிடம் குதிரை இல்லை. குதிரைக்காரரின் உடை மட்டும் இருந்தது. அதோடு அவர்கள் ஓடினார்கள், தவழ்ந்தார்கள், சுட்டுப் பழகினார்கள். 1945இல் படை கலைந்தது. உடையும் அதோடு போனது. நாடு விடுதலை அடைந்த பிறகு எந்தத் தமிழ் வீட்டிலும், உன் பாட்டி காற்சட்டை போட்டவள் என்று மகளுக்குச் சொல்லி அதை வழக்கமாக்கவில்லை. இங்கிலாந்தில் நடந்ததுதான் இங்கும்: போருக்குக் கொடுத்ததைப் போர் முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பெண்கள் முடியை வெட்டிக்கொள்ளட்டும், லுங்கியும் சட்டையும் போடட்டும் என்று சொன்ன பெரியாரின் பேச்சிலும் நம் ஊர் மற்றதைப் பிடித்துக்கொண்டு இதைச் சிரிப்பாக்கிவிட்டது. அவர் காங்கிரஸைவிட்டு வெளியேறியது 1925இல், இதே காஞ்சிபுரத்து மாநாட்டில்.

குதிரைக்குப் பிறகு சைக்கிள். ஆண்களின் சைக்கிளில் சீட்டிலிருந்து கைப்பிடிவரை நேராக ஒரு கம்பி போகும். வண்டிக்கு உறுதி கொடுப்பது அது. பாவாடையும் சேலையும் அதைத் தாண்டாது என்பதால் பெண்கள் சைக்கிளில் அந்தக் கம்பியைக் கீழே வளைத்தார்கள். பின்சக்கரத்துக்கு வலை கட்டினார்கள், சங்கிலிக்கு மூடி போட்டார்கள். வண்டி வளைந்தது, உடை வளையவில்லை. புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. கல்குவாரியில் வேலை செய்தவர்களும், விவசாயக் கூலிகளும், அங்கன்வாடி ஊழியர்களும் சேலையோடும் தாவணியோடும் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. வளைத்த கம்பி இல்லாமலே தாண்ட முடியும் என்று அந்தப் பெண்கள் காட்டினார்கள். கட்டை எப்படி ஏற்றிச் செருகுவது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பைக் வந்தபோது சட்டமே பேசியது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இல் 123ஆம் விதி இருக்கிறது. பின்சீட்டில் இருப்பவருக்குக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், அவர் துணி சிக்காதபடி பின்சக்கரத்தின் பாதியையாவது மூடும் தடுப்பு வேண்டும். கடைத்தெருவில் இதற்குப் பெயர் சாரி கார்டு. பல உயிர்களைக் காத்த விதி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் வண்டி வாங்கிய மறுநாளே அழகு கெடுகிறது என்று அதைக் கழற்றிப் போடும் இளைஞர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பின்னால் உட்காருபவரின் உயிர், முன்னால் உட்காருபவரின் ரசனையில் தொங்குகிறது. கியர் இல்லாத ஸ்கூட்டர் வந்தது. கால்களைச் சேர்த்துவைக்கப் பலகை கொடுத்தது. 2018இல் மாநில அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் மானியமும் கொடுத்தது. கம்பி முழுவதுமாக மறைந்துவிட்டது. நாமே ஓட்டத் தொடங்கினோம்.

நானும் ஓட்டினேன். பதினெட்டு வயதில், சுடிதாரில், துப்பட்டாவை வகுப்பு ஆசிரியைக்குப் பிடித்த மாதிரி இரண்டு தோளிலும் ஊக்குப் போட்டு. பேருந்து நிலையம் அருகே பின்நுனி காற்றில் நழுவிச் சக்கரத்துக்குள் போனது. ஒரு நொடியில் கழுத்து பின்னால் இழுபட்டது. ஊக்கு ஒன்று விட்டுக்கொடுத்ததால் இன்று இதை எழுதுகிறேன். 1927இல் நடனக் கலைஞர் இசடோரா டங்கனின் நீண்ட கழுத்துத்துணி கார்ச் சக்கரத்தில் சிக்கி அவர் இறந்த கதையைப் பின்னால்தான் படித்தேன். விழுந்து கிடந்த என்னிடம் முதலில் ஓடிவந்த அம்மா ஒருவர், கிழிந்த துப்பட்டாவை உருவி எடுத்து என் மார்பில் போர்த்தினார். கழுத்தில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதை அவர் அடுத்துதான் பார்த்தார். நல்ல மனுஷிதான். அவர் கைக்கு அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

அன்று மாலை அத்தை வந்து பார்த்தார். “கழுத்தைவிட துப்பட்டா பெருசாடி உனக்கு?” என்று திட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, தன் முந்தானையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

2019இல் தமிழக அரசு தலைமைச் செயலக ஊழியர்களுக்கு உடை விதி வெளியிட்டபோது, பெண்கள் சேலை கட்டலாம், சுடிதார் போட்டால் துப்பட்டாவும் வேண்டும் என்றது. அதற்கு முந்தைய ஆண்டு மேற்குக் கோதாவரி மாவட்டத்தின் தோகலப்பள்ளி கிராமத்தில் பகலில் நைட்டி அணிந்து வெளியே வரும் பெண்ணுக்கு 2,000 ரூபாய் அபராதம் என்று ஊர்ப் பெரியவர்கள் அறிவித்தார்கள். நைட்டியைப் பற்றிச் சிரிக்காமல் யோசித்தால், கச்சத்துக்கும் பின்கொசுவத்துக்கும் பிறகு உழைக்கும் பெண்கள் தாங்களாகவே தேர்ந்தெடுத்த முதல் வேலை உடை அதுதான். மலிவு, காற்றோட்டம், துவைக்க எளிது, குந்தி எழ எளிது. மாடு கறப்பதும் தார் சுற்றுவதும் இன்று அதில்தான் நடக்கின்றன. தறிவீட்டில் அத்தை கடைசி ஆண்டுகளில் அதற்குத்தான் மாறினார். யாராவது வந்தால் மேலே ஒரு துண்டு. ஆனால் எழுந்து நிற்பதை நிறுத்திவிட்டார். அந்த ஆண்டுகளில்தான், ஒரு புடவை எத்தனை நாளில் முடியும் என்று யாவாரியிடம் அவரால் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

உடையைப் பற்றி எனக்கு இப்போது பெரிய கொள்கை இல்லை. வண்டி ஓட்டும் நாளில் எதுவும் தொங்கக் கூடாது. கால் இரண்டும் தனியாக இருக்க வேண்டும். செருப்பு நழுவக் கூடாது. சாவிக்கும் பணத்துக்கும் ஒரு பை, அதுவும் உடையிலேயே. முகூர்த்தத்துக்குப் பட்டு கட்டிக்கொள்வேன், எனக்குப் பிடிக்கும். அன்று பேருந்தில் போவேன். போன மாதம் அண்ணன் மகளை நூற்றுக்கால் மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். தூணின் குதிரைக்காரனை அண்ணாந்து பார்த்து, “இவன் பேன்ட் போட்டிருக்கானா அத்தே?” என்று கேட்டாள். இல்லடி, வேட்டியைத்தான் இறுக்கிக் கட்டியிருக்கிறான் என்றேன். “அப்ப சேலையையும் அப்படிக் கட்டலாம்ல?” என்றாள். கட்டலாம், கட்டியிருந்தோம் என்று சொன்னேன்.